சிமுலேட்டருக்குப் புதிய குட்டி விமானம் வருகிறதா? காசு கட்டும் முன் சிரம்பான் வரை ஒரு சுற்று

நீங்கள் லுக்குட், புக்கிட் பெலாண்டோக் பக்கம் வளர்ந்தவர் என்றால் விமானச் சத்தம் உங்களுக்குப் புதிதல்ல. 1998 ஜூனில் கே.எல்.ஐ.ஏ. திறக்கப்பட்டது. தென்கிழக்கிலிருந்து அங்கே இறங்கும் விமானங்கள் அந்தப் பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களுக்கு மேலாகத்தான் தாழ்ந்து வரும். அதனாலோ என்னவோ, வீட்டில் ஃபிளைட் சிமுலேட்டர் வந்ததும் முதலில் ஏறி உட்காருவது ஏர்பஸ்ஸிலோ போயிங்கிலோதான்.

ஆனால் சிமுலேட்டர் ரசிகர்களைக் கவனித்துப் பாருங்கள். "அடுத்து இந்த விமானம் வருது" என்று நாலு படம் வெளியானதும் மாதக்கணக்கில் நாள் எண்ணிக் காத்திருப்பார்கள். அது பெரும்பாலும் நாலு பேர் மட்டும் உட்காரக்கூடிய, முன்னால் ஒரே விசிறி சுற்றும் சின்ன விமானமாக இருக்கும். அதில் அப்படி என்ன இருக்கிறது?

ஆட்-ஆன் என்பது சிமுலேட்டருக்குள் தனியாகச் சேர்த்துக்கொள்ளும் விமானம். மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் 2020, அதன் 2024 பதிப்பு, எக்ஸ்-பிளேன் 12 ஆகியவற்றுக்கு வெளி நிறுவனங்கள் இவற்றைத் தயாரித்து விற்கின்றன. சில வெறும் வெளித்தோற்றம்தான். உள்ளே ஒன்றும் இருக்காது. சில வேறு ரகம்.

பைப்பர் கமான்ச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். நிஜ விமானம் முதலில் பறந்தது 1956ல். 1972ல் ஆக்னஸ் புயல் வெள்ளம் அமெரிக்காவின் லாக் ஹேவன் தொழிற்சாலைக்குள் புகுந்தது, உற்பத்தி அதோடு நின்றுபோனது. அந்தப் பழைய விமானத்தை ஏ2ஏ என்ற நிறுவனம் 2023ல் சிமுலேட்டருக்குக் கொண்டுவந்தது. அதில் ஏறுவதற்கு முன் விமானத்தைச் சுற்றி நடந்து பார்க்கலாம். எரிபொருளில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று கொஞ்சம் வடித்தும் பார்க்கலாம். இன்று எஞ்சினை முரட்டுத்தனமாக ஓட்டினால் அந்தத் தேய்மானம் நாளைக்கும் இருக்கும். அப்பாவின் பழைய மோட்டார் சைக்கிளை வைத்திருப்பது போலத்தான். கவனித்தால் ஓடும், கவனிக்காவிட்டால் நடுவழியில் நிற்கும். ரசிகர்கள் காத்திருப்பது இதற்காகத்தான்.

மலாக்காவிலிருந்து தண்டவாளம் பிடித்துப் போங்க

பெரிய விமானத்தில் வேலையின் பாதியைக் கம்ப்யூட்டர் செய்துவிடும். சின்ன விமானத்தில் வழி கண்டுபிடிப்பது உங்கள் கண். அதற்கு நெகிரி செம்பிலானைவிட நல்ல இடம் நமக்கு வேண்டியதில்லை, ஏனென்றால் தரையில் ஏற்கெனவே தெரிந்த ஊர்.

சிரம்பானில் விமான நிலையம் கிடையாது. எனவே மலாக்கா, பத்து பெரெண்டாமிலிருந்து கிளம்புங்கள். நேர் வடக்கே சுமார் 12 கடல் மைல் போனால் தம்பின். அங்கே ரயில் தண்டவாளம் தெரியும். அதைப் பிடித்துக்கொண்டு வடமேற்கே ரெம்பாவ், பிறகு சிரம்பான். 100 நாட் வேகத்தில் மொத்தம் இருபது நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். இடப்பக்கம் ரந்தாவ், சிலியாவ், லிங்கி. பெரியவர்கள் ஒரு காலத்தில் ரப்பர் பால் வெட்டிய மண் அது, இப்போது வரிசை வரிசையாகச் செம்பனை நிற்கிறது. வலப்பக்கம் குன்றுகள். அங்கேதான் கவனம் வேண்டும். உலு பெண்டுலில் நாம் ஏறுகிற அங்சி மலை சுமார் 825 மீட்டர், அதாவது 2,700 அடி. 2,000 அடியில் பறந்துகொண்டே "கோலப்பிலா பக்கம் போய்ப் பார்ப்போமே" என்று திரும்பினால் கதை முடிந்தது. மேகம் தாழ்வாக இருக்கும் நாளில் நிஜ விமானிகளுக்கும் இதே ஆபத்துதான்.

இன்னொன்று நம் காற்று. 30 டிகிரி வெயிலில் எஞ்சினுக்குள் ஐஸ் பிடிக்கும் என்றால் நம்புவீர்களா? கார்புரேட்டர் உள்ள எஞ்சினில் பெட்ரோல் ஆவியாகும்போதும், குறுகிய வாயில் காற்று விரியும்போதும் வெப்பம் 20 டிகிரிக்கு மேல்கூடச் சட்டென்று இறங்கலாம். காற்றில் ஈரப்பதம் அதிகம் இருந்தால் அது உள்ளேயே உறைந்து காற்று வழியை அடைக்கும். குறைந்த விசையில் கீழே இறங்கும் நேரம்தான் மோசம். அப்போது சூடான காற்றை உள்ளே விடும் குமிழை இழுக்க வேண்டும். இழுத்ததும் ஐஸ் உருகி, எஞ்சின் இருமும், நடுங்கும். புதியவர்கள் பயந்துபோய் குமிழை உடனே திரும்பத் தள்ளிவிடுவார்கள். அது பெரிய தவறு. அந்த நேரத்தில் பொறுமையாக இருக்கக் கற்றுக்கொடுக்கும் ஆட்-ஆன்தான் கொடுத்த காசுக்கு மதிப்பு. மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரோடு வரும் செஸ்னா 172 புது ரகம், அதில் கார்புரேட்டரே இல்லை. வரப்போகும் விமானத்தின் விளம்பரத்தில் மினுமினுக்கும் பெயின்ட்டைப் பார்க்காதீர்கள், இந்த மாதிரி விஷயங்கள் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒரு சின்ன ஏமாற்றத்துக்கும் தயாராக இருங்கள். தரைக்காட்சி செயற்கைக்கோள் படத்தை வைத்துக் கம்ப்யூட்டர் ஊகிப்பது. அதற்கு லயத்து வீடும் தெரியாது, மாரியம்மன் கோயிலும் தெரியாது. கோபுரம் இருக்கும் இடத்தில் சாதாரணக் கூரை ஒன்றை வைத்துவிட்டுப் போய்விடும். பிளெண்டர் என்ற இலவச மென்பொருளைக் கற்றுக்கொண்டால் உங்கள் தோட்டத்துக் கோயிலை நீங்களே செய்து அங்கே வைக்கலாம். உலகம் முழுக்க ரசிகர்கள் தங்கள் ஊரை இப்படித்தான் வைக்கிறார்கள்.

காசு விஷயம்

நல்ல ஆட்-ஆன் ஒன்று 40 அமெரிக்க டாலர் என்று வைத்துக்கொள்வோம். நம் நாட்டுக் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட். அதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு இந்த ஒரே விமானத்துக்குப் போய்விடும். வீட்டில் "ஒரு கேமுக்கா இவ்வளவு?" என்று கேட்டால் அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆகவே வெளியாகும் முன்பே பணம் கட்ட வேண்டாம். வெளியாகி இரண்டு வாரம் போகட்டும், வாங்கியவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பாருங்கள். உங்களிடம் இருப்பது 2020 பதிப்பா, 2024 பதிப்பா? அதற்கு ஒத்துவருமா? பதிவிறக்கம் செய்தபின் பல கடைகள் காசைத் திருப்பித் தராது.

காசே வேண்டாம் என்றாலும் வழி இருக்கிறது. ஃபிளைட்கியர் முழுக்க இலவசம், பழைய கம்ப்யூட்டரிலும் ஓரளவு ஓடும். அதில் உள்ள செஸ்னா 172பி கார்புரேட்டர் விமானம்தான். ஐஸ் பிடிக்கும், புறப்படும் முன் சுற்றிப் பார்க்கும் சோதனையும் உண்டு. காட்சி அழகு குறைவு, பாடம் குறைவில்லை.

இது பைலட் ஆக உதவுமா?

கைப்பழக்கத்துக்கும், கருவிகளைப் படிக்கவும், வானொலிப் பேச்சுக்குக் காது பழகவும் உதவும். ஆனால் வீட்டுக் கம்ப்யூட்டரில் நீங்கள் ஆயிரம் மணி நேரம் ஓட்டினாலும் உரிமத்துக்கு ஒரு நிமிடம்கூடக் கணக்கில் வராது. அனைத்துலக சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிப்படி, தனியார் விமானி உரிமத்துக்குக் குறைந்தது 40 மணி நேரப் பறப்பு வேண்டும், அங்கீகரிக்கப்பட்ட பயிற்சித் திட்டத்தில் சேர்ந்தால் 35. வயது 17 ஆகியிருக்க வேண்டும். சிமுலேட்டர் நேரத்தில் 5 மணி வரை சேர்த்துக்கொள்ள இடமுண்டு, அதுவும் அதிகாரிகள் அங்கீகரித்த கருவியில், பயிற்சியாளரோடு ஓட்டினால் மட்டும்.

எஸ்.பி.எம். முடித்துவிட்டு, விமானப் பயிற்சிக்காக வீட்டை அடமானம் வைக்கலாமா என்று குடும்பத்தோடு பேசிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் முதலில் ஒரு வேலை செய்யுங்கள். விமானிகளைச் சோதிக்க மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம் அங்கீகரித்த மருத்துவரிடம் போங்கள். வணிக விமானி ஆக முதல் வகுப்பு மருத்துவச் சான்றிதழ் தேவை. கண், காது, இதயம், நிறம் பிரித்தறிவது எல்லாம் பார்ப்பார்கள். நிறக்குறைபாடு இருப்பதே பலருக்கு அங்கேதான் தெரியவரும். பயிற்சிப் பள்ளிக்கு முன்பணம் கட்டிய பிறகு அது தெரிந்தால் பாதிக்கப்படுவது முழுக் குடும்பமும். அந்தச் சோதனைக்கு ஆகும் செலவு பயிற்சிக் கட்டணத்தில் மிகச் சிறிய துளி.