வாக்கியமும் வாய்க்காலும்

இலக்கணம் என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தே பதினைந்து வயதுப் பிள்ளையின் முகம் வாடிவிடும். கிளிநொச்சியானாலும், முல்லைத்தீவானாலும், வவுனியாவானாலும் வகுப்பறையில் நிலைமை பெரும்பாலும் ஒன்றே. எட்டு வேற்றுமைகளையும் அவற்றின் உருபுகளையும் அப்பிள்ளை தடையின்றி ஒப்புவிக்கும். வினையெச்சம் யாது என்று கேட்டால் வரைவிலக்கணமும் கூறும். ஆயினும் ஒரு நீண்ட வாக்கியத்தைக் கொடுத்து, "இதிலே யார், எதனைச் செய்தார்?" என்று வினவினால் தடுமாறும். சூத்திரம் நெஞ்சில் இருக்கின்றது. அதைக் கொண்டு ஒரு வாக்கியத்தைச் சோதிக்கும் பழக்கம் கைக்கு வரவில்லை.

இக்குறையைப் போக்குவதற்குரிய வழிகளுள் ஒன்று, வாக்கியத்தைப் படமாக வரைந்து காட்டுதலாகும். அமெரிக்க நாட்டிலே ஸ்டீபன் கிளார்க் என்னும் ஆசிரியர் 1847ஆம் ஆண்டில் வெளியிட்ட இலக்கண நூலில், ஒவ்வொரு சொல்லையும் ஒரு கூட்டினுள் அடைத்து, கூடுகளை ஒன்றோடொன்று பொருத்திக் காட்டினார். முப்பது ஆண்டுகளின் பின், 1877இல், அலோன்சோ ரீட், பிரெயினெர்ட் கெலொக் என்னும் இருவர் அக்கூடுகளை நீக்கிக் கோடுகளை வைத்தனர். நேர்கோட்டின்மீது எழுவாயும் பயனிலையும் செயப்படுபொருளும் நிற்கும். அவற்றைத் தழுவி வரும் அடைமொழிகள் அக்கோட்டின் கீழே சாய்கோடுகளில் தொங்கும். அமெரிக்கப் பள்ளிகளிலே பல தலைமுறைகள் இவ்வாறு வரைந்தே ஆங்கில வாக்கியத்தைக் கற்றன.

இது மேல்நாட்டாருக்கு மட்டுமே உரிய உத்தி என்று எண்ணிவிடலாகாது. தமிழ் இலக்கணக்காரர் கோடு வரையவில்லையாயினும் சொல்லாலே படம் வரைந்திருக்கின்றனர். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், செய்யுளிற் சொற்கள் ஒன்றையொன்று தழுவிப் பொருள்படும் முறையைப் பொருள்கோள் என்று பெயரிட்டு எட்டாக வகுக்கின்றது. சொற்கள் முன்னிருந்து பின்னாக இடையறாது ஓடினால் அது ஆற்றுநீர்ப் பொருள்கோள். நடுவில் நிற்கும் ஒரு சொல் ஊஞ்சலைப்போல் இருபுறமும் சென்று பொருள் கொடுத்தால் அது தாப்பிசை. முதலில் நிற்கும் சொல்லும் இறுதியில் நிற்கும் சொல்லும் வில்லின் இரு நுனிகளை நாண் பூட்டுவதுபோல் இணைந்தால் அது விற்பூட்டு. புற்றிலே நுழையும் பாம்பு தலையை மடக்குவதுபோல் இறுதிச் சொல் திரும்பி முன்னே சென்று பொருந்தினால் அது அளைமறிபாப்பு. சொற்கள் நிற்கும் வரிசை வேறு, அவை ஒன்றையொன்று பற்றும் முறை வேறு என்பதை அன்றே கண்டு, அதனைக் கண்ணாற் காணக்கூடிய பொருள்களைக் கொண்டு விளக்கிய மரபு இது.

பிற்காலத்தில் யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879) பிள்ளைகளின் பொருட்டு இலக்கணத்தை உரைநடைக்குக் கொண்டு வந்தார். அவருடைய இலக்கணச் சுருக்கம் எழுத்தையும் சொல்லையும் கூறியதோடு நில்லாது, தொடர்மொழிக்கென ஓர் அதிகாரத்தையும் உடையது. இலக்கண வினாவிடை என்னும் நூலோ பெயருக்கேற்பக் கேள்வியும் மறுமொழியுமாகவே அமைந்தது. இலக்கணம் கேள்வியிலிருந்து தொடங்க வேண்டும் என்பதற்கு ஈழத்திலேயே இத்தகைய முன்னோடி உண்டு.

வன்னியின் பிள்ளைக்கு வாக்கியப் படத்தை விளங்கவைக்க நெடுந்தூரம் செல்லவேண்டியதில்லை. கனகராயன் ஆற்றின் நீரைத் தேக்கி நிற்கும் இரணைமடுக் குளத்தை நினைத்தாற் போதும். நீர் துருசு வழியே பெரிய வாய்க்காலுக்கு வந்து, கிளை வாய்க்கால்களிற் பிரிந்து, இறுதியில் வயலைச் சேரும். ஒரு வரம்பின்மீது நின்று, "இந்த நீர் எங்கிருந்து வருகின்றது? எந்த வயலுக்குப் போகின்றது?" என்று கேட்டால் கமக்காரரின் பிள்ளை உடனே விடை கூறும். தமிழ் வாக்கியமும் இவ்வாறே ஓடுவது. உரைநடையில் அடைமொழிகள் பெரும்பாலும் முன்னே வரும். வினைமுற்று இறுதியிலே நிற்கும். ஆகவே வாக்கியத்தைப் பகுப்பவர் வயலிலிருந்து துருசை நோக்கி நடப்பவர்போல, இறுதியிலிருந்து தொடங்குதல் எளிது.

"இரணைமடுவிலிருந்து வந்த நீர் காய்ந்து கிடந்த வயலை நனைத்தது" என்னும் வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். கரும்பலகையில் இடமிருந்து வலமாக ஒரு நேர்கோடு வரையப்படுகின்றது. முதற் கேள்வி: முடிக்கும் சொல் எது? "நனைத்தது" என்பது கோட்டின் வலது முனையிற் சென்று அமரும். இரண்டாம் கேள்வி: நனைத்தது எது? "நீர்" இடது முனையைப் பெறும். மூன்றாம் கேள்வி: எதனை நனைத்தது? "வயலை" என்பது நடுவில் அமரும். எழுவாய், செயப்படுபொருள், பயனிலை ஆகிய மூன்றும் கிடைத்துவிட்டன. பெரிய வாய்க்கால் வெட்டியாயிற்று.

இனிக் கிளைகள். "வந்த" என்பது எதனை நோக்கி ஓடுகின்றது? நீரை நோக்கி. ஆகவே "நீர்" என்பதன் கீழ் ஒரு சாய்கோட்டில் அது தொங்கும். "இரணைமடுவிலிருந்து" என்பது நீரை நேரே தழுவவில்லை. "வந்த" என்பதைத் தழுவுகின்றது. அது கிளையிற் கிளையாகும். "கிடந்த" என்பது வயலோடு சேரும். "காய்ந்து" என்பது "கிடந்த" என்பதோடு சேரும். பெயரைத் தேடிச் சென்ற வினைக்குறை பெயரெச்சம் எனவும், வினையைத் தேடிச் சென்ற வினைக்குறை வினையெச்சம் எனவும் அப்போது சொல்லிக் கொடுத்தால், அப்பெயர்கள் பிள்ளைக்குச் சுமையாகத் தோன்றா. தான் கண்ட ஒன்றுக்கு இட்ட பெயராகவே தோன்றும்.

வரைந்து பார்க்கும்போது, கண்ணுக்குத் தெரியாதிருந்த மயக்கமும் வெளிப்படும். "நேற்று வந்த ஆசிரியரின் மகன் பேசினான்" என்பதில் வந்தவர் யார்? "வந்த" என்னும் கிளையை ஆசிரியரோடு பொருத்தினால் ஒரு பொருள். மகனோடு பொருத்தினால் வேறொரு பொருள். ஒரே வாக்கியத்துக்கு இரண்டு படங்கள் வருகின்றன. பேச்சிலே குரலும் கையும் இம்மயக்கத்தைத் தீர்த்துவிடும். தாளிலோ குரலுமில்லை, கையுமில்லை.

இம்மயக்கம் வகுப்பறையோடு நின்றுவிடுமானால் பெரிய நட்டமில்லை. ஆனால் வன்னியிலே எழுத்தின்மீது பல குடும்பங்களின் வாழ்வு தங்கியிருக்கின்றது. 2009ஆம் ஆண்டில் முடிவுற்ற போரில் இப்பெருநிலப்பரப்பின் மக்கள் வீடும் காணியும் விட்டுப் பலமுறை இடம்பெயர்ந்தனர். திரும்பி வந்தவர்கள் காணிக்கும் வீட்டுக்கும் இழப்பீட்டுக்கும் கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்திலும் மனுக் கொடுக்க வேண்டியவராயினர். முதியோர் சொல்லச் சொல்ல அம்மனுவை எழுதும் பொறுப்பு, பல வீடுகளிற் பாடசாலைக்குச் செல்லும் பிள்ளையைச் சார்ந்தது.

அத்தகைய மனுவில் வரக்கூடிய ஒரு வாக்கியத்தை எடுத்துக்காட்டாக அமைத்துப் பார்க்கலாம்: "எமது காணி 2008ஆம் ஆண்டு இடம்பெயர்ந்து 2011ஆம் ஆண்டு திரும்பி வந்தபோது எல்லைக்கற்கள் பிடுங்கப்பட்டிருந்தன." கேட்பதற்குப் பிழையற்றதுபோல் இருக்கின்றது. வரையத் தொடங்கினாற் குற்றம் தெரியும். இறுதி வினை "பிடுங்கப்பட்டிருந்தன". அதற்குரிய எழுவாய் "எல்லைக்கற்கள்". அப்படியாயின் "எமது காணி" எங்கே போய்ச் சேரும்? அதற்கு வினை இல்லை. "இடம்பெயர்ந்து" என்பதற்கு அருகே அது நிற்பதால், காணியே இடம்பெயர்ந்ததுபோல் ஆகிவிடுகின்றது. "செய்து" என்னும் வாய்பாட்டு வினையெச்சம் தன் வினைமுதலின் வினையையே கொண்டு முடியும் என்பது பழைய விதி. இடம்பெயர்ந்தவரே திரும்பியும் வந்தவர். அவரோ வாக்கியத்தில் இல்லை.

இதனைக் கண்ட பிள்ளை திருத்தி எழுதும்: "நாங்கள் 2008ஆம் ஆண்டு இடம்பெயர்ந்தோம். 2011ஆம் ஆண்டு திரும்பி வந்தோம். அப்போது எமது காணியின் எல்லைக்கற்கள் பிடுங்கப்பட்டிருந்தன." மூன்று சிறிய வாக்கியங்கள், மூன்று நேர்கோடுகள். மேசைக்கு அப்பால் இருக்கும் அலுவலர் இதனைத் தவறாக விளங்கிக்கொள்ள இடமில்லை.

ஆயினும் மூன்றாம் படத்தில் ஓரிடம் இன்னும் நிரம்பவில்லை. கற்களைப் பிடுங்கியவர் யார்? இங்கே இருவகை இன்மையைப் பிரித்தறிதல் வேண்டும். "வந்தோம்" என்று மட்டும் எழுதினால் "நாங்கள்" என்பது தோன்றா எழுவாய். வினையின் விகுதியே அதனைக் காட்டிக் கொடுக்கும். செயப்பாட்டுவினையின் நிலை அவ்வாறானதன்று. அதில் எழுவாயாக நிற்பது செயலுக்கு உட்பட்ட பொருள். செய்தவர் "ஆல்" என்னும் மூன்றாம் வேற்றுமை உருபேற்று வருதல் வேண்டும். வராவிட்டால் அவரைக் காட்டும் குறி வாக்கியத்தில் எங்கும் இல்லை. ஆகவே படத்தில் அவ்விடத்தை ஒரு வெறுங்கட்டமாக வரைந்து, "யாரால்?" என்று எழுதி வைத்தல் நன்று.

இவ்வெறுங்கட்டத்தின் பாரத்தை வன்னி மக்களைப்போல் அறிந்தவர் சிலரே. போரின்போதும் அதன் முடிவிலும் தம் உறவினரைப் பிரிந்த குடும்பத்தினர் 2017ஆம் ஆண்டு பெப்ரவரி 20ஆம் நாள் கிளிநொச்சியிலே தொடர் போராட்டம் ஒன்றைத் தொடங்கினர். அதே ஆண்டிலே வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் அத்தகைய போராட்டங்கள் தொடங்கின. 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட அலுவலகத்தின் பெயரில் "காணாமற்போன ஆட்கள்" என்ற தொடர் இருக்கின்றது. குடும்பத்தினரோ "வலிந்து காணாமலாக்கப்பட்டோர்" என்றே கூறி வருகின்றனர். அச்சொல்வழக்குக்கு ஒத்த சர்வதேச சமவாயத்தை இந்நாட்டிற் செயற்படுத்துவதற்கு 2018ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டது.

இரண்டு தொடர்களையும் வரைந்து பார்த்தால் வேறுபாடு விளங்கும். "காணாமற் போனார்" என்பதில் "போனார்" தன்வினை. போனவரே எழுவாய், "யாரால்?" என்று கேட்க அங்கே கட்டமில்லை. "காணாமலாக்கப்பட்டார்" என்பதில் "ஆக்கு" என்பது செயப்படுபொருள் குன்றாவினை. "படு" சேர்ந்து அது செயப்பாட்டுவினையாகின்றது. எனவே "யாரால்?" என்னும் கட்டம் தானே உண்டாகின்றது. ஒரு சொல்லுக்காக அம்மக்கள் ஏன் இத்தனை உறுதியாக நிற்கின்றனர் என்று வியப்பவருக்கு, இலக்கணமே ஒரு மறுமொழி தருகின்றது. இலக்கணம் தீர்ப்புக் கூறுவதில்லை. கேள்வி எங்கே இருக்கின்றது என்பதை மட்டும் அது காட்டும். அறியாத பெயரை ஊகித்து அக்கட்டத்தில் எழுதிவிடலாகாது என்பதையும் அதே பாடம் கற்பிக்கின்றது. அறிந்தால் எழுதுக, அறியாவிடின் வெறுங்கட்டம் வெறுங்கட்டமாகவே நிற்கட்டும்.

இம்முறைக்கு எதிர்வாதமும் உண்டு. எழுத்துவேலையினின்றும் பிரித்து நடத்தப்படும் இலக்கணப் பயிற்சி மாணவரின் எழுத்தை வளர்ப்பதில்லை என்று, அமெரிக்காவின் ஆங்கில ஆசிரியர் தேசிய மன்றம் 1985ஆம் ஆண்டில் தீர்மானமே நிறைவேற்றியது. அக்கருத்தைப் புறந்தள்ள முடியாது. கோடு வரைவதே நோக்கமாகிவிட்டால் இதுவும் மனப்பாடத்தைப் போன்ற மற்றொரு சுமையாகும். ஆதலால் புத்தகத்து வாக்கியங்களைக் காட்டிலும் பிள்ளை தானே எழுதிய கட்டுரையிலிருந்தும் கடிதத்திலிருந்தும் எடுத்த வாக்கியங்களே கரும்பலகைக்கு வருதல் வேண்டும். நாளொன்றுக்கு இரண்டு வாக்கியங்கள் போதும். வரைந்தபின் அதே வாக்கியத்தைத் திருத்தி எழுதச் செய்தல் இன்றியமையாதது. இதற்கு வெண்கட்டியும் கரும்பலகையும் தவிர வேறு கருவி வேண்டியதில்லை. பலகையும் இல்லாத வேளையில் மணலிலே குச்சியாலும் வரையலாம்.

பெற்றோரும் இதற்குத் துணை செய்யலாம். பிள்ளை ஒரு மனுவையோ கடிதத்தையோ எழுதி முடித்ததும், அதனை உரத்து வாசிக்கச் சொல்லி, ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் மூன்று கேள்விகளைக் கேட்டாற் போதும்: யார்? எதனை? யாரால்? அவற்றைக் கேட்பதற்கு இலக்கணம் படித்திருக்க வேண்டுவதில்லை. விடை சொல்லத் தடுமாறும் இடத்தில் பிள்ளை மீண்டும் பேனாவை எடுக்கும்.