கடல் கடக்கும் பெட்டி: அச்சுவேலி ஏற்றுமதியாளர் அறிய வேண்டிய விதிகள்

திரும்பத் திரும்பப் பயன்படுத்தக்கூடிய ஏற்றுமதிப் பெட்டியைத் தேர்வதில் இரண்டு கேள்விகளுக்கு முதலில் விடை காண வேண்டும். சேரும் நாட்டின் சட்டம் அதை ஏற்குமா? வெறும் பெட்டி திரும்பி வர வழி உண்டா? இலங்கையின் உள்நாட்டுப் போரில் சிதைந்து, இந்திய அரசின் உதவியுடன் புனரமைக்கப்பட்டு 2014இல் மீளத் திறக்கப்பட்ட அச்சுவேலி கைத்தொழிற்பேட்டையில் உற்பத்தி செய்வோருக்கும், அயலிலுள்ள நீர்வேலி, புத்தூர் செம்மண் தோட்டங்களின் விளைச்சலை வெளிநாட்டுக்கு அனுப்ப நினைப்போருக்கும் இவ்விரண்டும் பணப் பிரச்சினைகளே.

மரப்பெட்டி, மரப் பலட் ஆகியவற்றுக்கே கடுமையான விதி உண்டு. பச்சை மரத்துக்குள் வண்டும் புழுவும் ஒளிந்து நாடு கடக்கும். 1996இல் நியூயோர்க்கின் புரூக்ளின் பகுதி மரங்களில் கண்டுபிடிக்கப்பட்ட ஆசிய நீள்கொம்பு வண்டு, சீனாவிலிருந்து வந்த சரக்கின் மரப்பொதிகளில் சென்றிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர் முடிவு. இத்தகைய அனுபவங்களின் பின்னர் 2002இல் ஐ.எஸ்.பி.எம். 15 என்ற சர்வதேசத் தாவரப் பாதுகாப்பு நியமம் ஏற்கப்பட்டது. அதன்படி பலகையில் பட்டை நீக்கப்பட்டிருக்க வேண்டும். மேலும், மரத்தின் நடுப்பகுதி வரை 56 பாகை செல்சியஸ் வெப்பம் தொடர்ந்து 30 நிமிடம் ஏறியிருக்க வேண்டும். மெதைல் புரோமைட் புகையூட்டலும் ஏற்கப்பட்ட முறைதான். ஆயினும் அது ஓசோன் படலத்தைக் கெடுப்பதால் பல நாடுகள் கைவிட்டுவிட்டன.

இந்தச் சிகிச்சைக்குச் சான்று பலகையில் பதித்த முத்திரை. அதில் கோதுமைக்கதிர்ச் சின்னம், நாட்டைக் குறிக்கும் ஈரெழுத்து, சிகிச்சை செய்த நிறுவனத்தின் இலக்கம், சிகிச்சை முறையின் குறியீடு ஆகிய நான்கும் இருக்க வேண்டும். இலங்கைக்கு உரிய எழுத்துகள் எல்.கே.; வெப்பச் சிகிச்சைக்கு எச்.டி. முத்திரையைக் கையால் வரையக் கூடாது. ஆபத்தான பொருள்களுக்குரிய சிவப்பு, செம்மஞ்சள் நிறங்களையும் தவிர்க்க வேண்டும். இலங்கையில் இதற்குப் பொறுப்பு விவசாயத் திணைக்களத்தின் தேசிய தாவரத் தொற்றுக்காப்புச் சேவை.

மீள்பயன்பாட்டில் பலர் இடறுவது பழுதுபார்க்கும் இடத்தில்தான். முத்திரையிட்ட பலட் உடையாமல் இருந்தால் எத்தனை முறையும் அனுப்பலாம்; மீண்டும் சிகிச்சை தேவையில்லை. மூன்றிலொரு பங்கு வரை பலகைகளை மாற்றினால், புதிதாக அடித்த ஒவ்வொரு சிகிச்சை பெற்ற பலகையிலும் தனி முத்திரை இருக்க வேண்டும். அதற்கு மேல் மாற்றினால் பழைய முத்திரைகளை அழித்து, முழுவதையும் மீண்டும் சிகிச்சைக்கு உட்படுத்தி, புதிதாக முத்திரையிட வேண்டும். ஊர் மரக்காலையில் வாங்கிய, சிகிச்சை பெறாத ஒரே ஒரு மரச்சட்டத்தை அவசரத்துக்கு அடித்தாலும், சேரும் துறைமுகத்தில் சரக்குத் தடுத்துவைக்கப்படலாம்.

ஒட்டுப்பலகையும் 6 மில்லிமீற்றருக்கு மேற்படாத மெல்லிய பலகையும் இவ்விதிக்குள் வரா. பனையோலைப் பெட்டியும் கடகமும் மரப்பொதி அல்ல. ஆனால் அவை தாவரப் பொருள் என்பதால், சேரும் நாட்டின் இறக்குமதி நிபந்தனையை முன்கூட்டியே கேட்டறிவது அவசியம்.

பிளாஸ்டிக் கூடைக்கு மரச் சிகிச்சை வேண்டாம். கழுவலாம், அடுக்கலாம், பல ஆண்டு பாவிக்கலாம். ஆனால் ஒட்டிய மண்ணும் இலைச்சருகும் போகக் கழுவ வேண்டும். தோட்டத்து மண்ணைப் பெரும்பாலான நாடுகள் உள்ளே விடுவதில்லை. உணவைத் தொடும் பிளாஸ்டிக்குக்கு ஐரோப்பிய ஒன்றியம் தனி விதி வைத்திருக்கிறது. உள்நாட்டுப் பயணத்தில் கூடையின் நன்மை தெளிவு. உரப்பையில் திணித்து லொறியில் ஏற்றிய மரக்கறி நசுங்கும், கூடையில் நசுங்காது. எனினும் 2011 இறுதியில் இலங்கை அரசு கூடையைக் கட்டாயமாக்க முயன்றபோது விவசாயிகளும் வியாபாரிகளும் எதிர்த்தனர். கூடைக்குப் போகும் செலவும், லொறியில் ஏற்றக்கூடிய சுமை குறைவதும் அவர்கள் சொன்ன காரணங்கள். விதி தள்ளிவைக்கப்பட்டது.

அதே கணக்கு கடல் கடந்த பயணத்தில் இன்னும் கூர்மையாகிறது. விமானத்தில் நிறைக்கு மட்டுமன்றிப் பிடிக்கும் இடத்துக்கும் கட்டணம் கணக்கிடப்படும். 6,000 கன சென்ரிமீற்றர் இடம் ஒரு கிலோவாக எண்ணப்படுவது வழமை. கனமான கூடையின் சுமை அனுப்புவோர் தலையில்தான் விழும். வெறுங்கூடை திரும்பிவரவும் கூலி உண்டு. மடியக்கூடியதாகவோ ஒன்றுக்குள் ஒன்று அடங்குவதாகவோ இருந்தால் அது குறையும். கூடை திரும்பி வரும்போது புதிய இறக்குமதி என்று வரி விதிக்கப்படாமலிருக்க, அனுப்பும்போதே அதன் எண்ணிக்கையையும் அடையாளத்தையும் சுங்கப் பத்திரத்தில் காட்டியிருக்க வேண்டும்.

சந்தையும் மாறிவருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய பொதியிடல் ஒழுங்குவிதி 2025 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன் பெரும்பகுதி 2026 ஓகஸ்ட் முதல் பொருந்தும். ஒன்றியத்துக்குள் பாவிக்கப்படும் பலட், பிளாஸ்டிக் கூடை போன்ற போக்குவரத்துப் பொதிகளில் குறைந்தது 40 சதவீதம் 2030க்குள் மீள்பயன்பாட்டு முறைக்குள் வரவேண்டும் என்கிறது அது. காட்போட் பெட்டிக்கு இந்த இலக்கிலிருந்து விலக்கு உண்டு.

ஆகவே அச்சுவேலிக்குப் பொருந்தும் வழி பயணத்தை இரண்டாகப் பிரிப்பதே. தோட்டத்திலிருந்து பொதியிடும் இடத்துக்கும் அங்கிருந்து கொழும்புக்கும் பிளாஸ்டிக் கூடை. அது அடுத்த லொறியிலேயே திரும்பிவிடும். கடல் கடக்கும் பகுதிக்கு உறுதியான காட்போட் பெட்டியும் முத்திரையிட்ட பலட்டும். ஒரே வாடிக்கையாளருக்குத் தவறாமல் சரக்கு அனுப்பி, வெறும் பெட்டியைத் திருப்பி அனுப்பவும் அவர் உடன்பட்டால் மட்டுமே, முழுப் பயணத்துக்கும் மீள்பயன்பாட்டுப் பெட்டியில் முதல் போடலாம். அந்த உடன்பாட்டை எழுத்தில் பெற்ற பிறகே பெட்டிக்குக் கட்டளை கொடுங்கள்.