தோல் சீட்டுக்குத் தேங்காய் எண்ணெய் ஆகாது



வரி, உரிமம், எடை அளவு என்று தொழில் விஷயங்களையே படித்துப் பழகிய நமக்கு, கார் சீட்டைப் பற்றி ஒரு கட்டுரை எதற்கு என்று தோன்றலாம். இரண்டு காரணங்கள் உண்டு. நம்மில் பலர் இன்று கார் வைத்திருக்கிறோம். புது வண்டி வாங்க முடியாதவர்களும் செகண்ட் ஹேண்டில் நல்ல வண்டியாகப் பார்த்து வாங்குகிறார்கள். அப்படி வருபவற்றில் தோல் சீட் போட்ட வண்டிகளும் இருக்கின்றன. இது முதல் காரணம்.

இரண்டாவது காரணம் நம் கல்லாவுக்கு முன்னால் நிற்கிறது. "அண்ணாச்சி, கார் சீட் வறண்டு போய்க் கிடக்கு, நல்ல தேங்காய் எண்ணெயா ஒரு பாட்டில் கொடுங்க" என்று வாடிக்கையாளர் கேட்கிறார். நாமும் எடுத்துக் கொடுத்துவிடுகிறோம். இன்னொருவர் சோப்புத் தூள் கேட்கிறார், மற்றொருவர் சமையல் சோடா கேட்கிறார். எல்லாம் நம் அலமாரியில் இருக்கும் சரக்குதான். ஆனால் இவற்றில் எதுவுமே அந்தத் தோலுக்கு ஆகாது. ஏன் ஆகாது, எது ஆகும் என்பதைத் தெரிந்துகொண்டால் நம் வண்டியும் பிழைக்கும், வாடிக்கையாளரிடம் நம் சொல்லும் நிற்கும்.

முதலில், அது தோல்தானா?

'லெதர் சீட்' என்று சொல்லி விற்கப்படும் எல்லாமே தோல் அல்ல. ரெக்சின் என்று நாம் பொதுவாகச் சொல்வது துணியின் மேல் பிளாஸ்டிக் பூசிய சரக்கு. அந்தப் பெயரே முதலில் ஓர் ஆங்கிலக் கம்பெனியின் வணிகப் பெயராக இருந்தது. பிறகு சரக்குக்கே பெயராகிவிட்டது. இப்போது 'லெதரெட்' என்று வருவதும் இந்த இனம்தான். அசல் தோல் போட்ட வண்டிகளில்கூட, உட்காரும் இடமும் சாயும் இடமும் மட்டும் தோலாகவும், பக்கங்களும் சீட்டின் பின்புறமும் ரெக்சினாகவும் இருப்பது சாதாரணம்.

கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. சீட்டின் அடியில் கையை விட்டு, மடித்துத் தைத்த ஓரத்தைப் பாருங்கள். அடிப்பக்கம் நெய்த துணியாகத் தெரிந்தால் ரெக்சின். மெல்லிய நாராக, வெல்வெட் போலப் பஞ்சு பஞ்சாக இருந்தால் தோல். விரலால் அழுத்தும்போது சுற்றிலும் நுண்ணிய சுருக்கம் விழுந்து, எடுத்ததும் மறைந்தால் அதுவும் தோலுக்கு அடையாளம். ரெக்சினுக்குக் கண்டிஷனர் தேவையில்லை. ஈரத்துணியால் துடைத்தால் போதும். இதைத் தெரிந்துகொள்ளாமல் ரெக்சின் சீட்டுக்கு விலை உயர்ந்த கண்டிஷனர் வாங்கிப் பூசுகிறவர்கள் பலர்.

தோல் எப்படித் தயாராகிறது?

தோல் தொழில் நம் மாநிலத்துக்குப் புதிதல்ல. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை, திண்டுக்கல், ஈரோடு ஆகிய ஊர்களில் தோல் ஷாப்புகள் பல தலைமுறைகளாக நடக்கின்றன. மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் 1948-ல் சென்னையில்தான் தொடங்கப்பட்டது. அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டையையும் கடுக்காயையும் கொண்டு தோலைப் பதனிட்டார்கள். கடுக்காயை மூட்டை மூட்டையாகக் கைமாற்றிய நாட்டு மருந்து மொத்த வியாபாரிகளுக்கு, அது மருந்துக்கு மட்டும் போகிற சரக்கு அல்ல என்பது தெரியும். அதன் துவர்ப்புதான் தோலை அழுகாமல் காக்கிறது. இன்று உலகில் பெரும்பகுதித் தோல் குரோம் உப்பால் பதனிடப்படுகிறது. கார் சீட்டுத் தோலில் குரோம் இல்லாமல் பதனிடுவதும் உண்டு.

இதில் நாம் கவனிக்க வேண்டியவை இரண்டு. பதனிட்ட தோல் காய்ந்தால் அட்டை போல விறைத்துவிடும். ஆகையால் ஆலையிலேயே எண்ணெய்ப் பசையை நாருக்குள் ஏற்றிவிடுகிறார்கள். தோல் மெத்தென்று இருப்பது இதனால்தான். அடுத்து, கார் சீட்டுக்குப் போகும் தோலில் பெரும்பாலானவற்றுக்கு மேலே வண்ணப்பூச்சும், அதன் மேல் பாலியூரித்தேன் என்னும் மெல்லிய பாதுகாப்புப் பூச்சும் கொடுக்கிறார்கள். நாம் கையால் தொடுவது தோலை அல்ல, இந்தப் பூச்சைத்தான். சீட்டைப் பராமரிப்பது என்றால் இந்தப் பூச்சைக் காப்பாற்றுவது என்றே பொருள். இது ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானே விளங்கும்.

பூச்சு இருக்கிறதா என்று பார்க்க, சீட்டின் மறைவான ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். அது முத்துப் போல நின்றால் பூச்சு உண்டு. உடனே உறிஞ்சி அந்த இடம் கருத்தால் அது பூச்சில்லாத தோல். விலை உயர்ந்த சில வண்டிகளில் மட்டும் இந்த வகை வரும். அதில் வீட்டு வைத்தியம் எதுவும் செய்யாமல், அதற்கென்றே உள்ள சாமானைத்தான் பயன்படுத்த வேண்டும்.

சீட்டைக் கெடுப்பவை

முதல் எதிரி வெயில். சித்திரை வெயிலில் கண்ணாடியை ஏற்றிவிட்டு நிறுத்திய வண்டிக்குள் சூடு 60 டிகிரியைத் தாண்டிவிடும். தோலில் உள்ள பசை வற்றுவதும், பூச்சு இறுகி வெடிப்பதும் இதனால்தான். நிழலில் நிறுத்துவதற்கும், முன்கண்ணாடிக்கு மறைப்பு வைப்பதற்கும் ஈடான மருந்து எந்த பாட்டிலிலும் இல்லை.

இரண்டாவது வேர்வை. வேர்வையின் உப்பும், உடம்பின் எண்ணெயும், தலை சாயும் இடத்தில் தலைக்குத் தேய்த்த எண்ணெயும் நாளடைவில் பூச்சை இளக்கிவிடும். மூன்றாவது தூசி. கண்ணுக்குத் தெரியாத மணல் துகள், நாம் ஏறி இறங்கும்போதெல்லாம் உப்புத்தாள் போல் தேய்க்கிறது. டிரைவர் சீட்டில் கதவுப்பக்க விளிம்பு முதலில் தேய்வதற்கு இதுதான் காரணம். நான்காவது, நாமே கொண்டுபோய்ப் பூசுவது.

நம் சரக்குகள் ஏன் ஆகாது?

தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய்: மேலே பூச்சு இருப்பதால் எண்ணெய் உள்ளே இறங்காது. இரண்டு நாள் பளபளப்பாகத் தெரியும். பிறகு அதன் மேல் தூசி படிந்து பிசுக்காகும். தையல் துளை வழியாக இறங்கியது சிக்குவாடை அடிக்கும். வேட்டியிலும் புடவையிலும் கறை ஏறும்.

சோப்புத் தூள், துணி சோப், சமையல் சோடா: தோல் இயல்பாகவே சற்றுப் புளிப்புத் தன்மை உள்ள பொருள். இவையோ காரத்தன்மை உள்ளவை. அழுக்கோடு பூச்சையும் தோலின் பதத்தையும் கெடுக்கும். ஒரு சர்வீஸ் நிலையத்தில் என் வண்டியின் வெளிர் நிறச் சீட்டைச் சோப்புத் தூள் போட்டு பிரஷ்ஷால் தேய்த்துக் கொடுத்தார்கள். அன்று பளிச்சென்று இருந்தது. ஆறு மாதத்தில் தேய்த்த இடமெல்லாம் சிலந்தி வலை போல வெடித்தது.

எலுமிச்சம்பழம், வினிகர்: புளிப்புப் பொருள்தானே என்று நினைக்க வேண்டாம். இவற்றின் புளிப்பு மிக அதிகம், நிறத்தை வெளுக்கும்.

பற்பசை: இதில் தேய்க்கும் துகள் கலந்திருக்கிறது. பேனா மைக் கறை போகும். கூடவே பூச்சும் போகும்.

மஞ்சள் கறையைத் தனியாகச் சொல்ல வேண்டும். குழம்போ மஞ்சள் தூளோ சிந்தினால் சோப் போடாதீர்கள். மஞ்சள் காரத்தோடு சேர்ந்தால் சிவக்கும் என்பது சுண்ணாம்பு சேர்த்துக் குங்குமம் தயாரிக்கும் நமக்குத் தெரிந்ததுதான். தூளானால் முதலில் உதறி எடுத்துவிட்டு, பிறகு ஈரத்துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். மீதி நிற்கும் லேசான மஞ்சள், வெளிச்சம் படப்படத் தானே மங்கும்.

துடைக்கும் முறை

1. வண்டியை நிழலில் நிறுத்திச் சூடு ஆறவிடுங்கள். சூடான சீட்டில் எதையும் பூசக்கூடாது.

2. முதலில் தூசியை எடுக்க வேண்டும். வாக்குவம் கிளீனர் இருந்தால் மெத்தென்ற பிரஷ் மாட்டி, மடிப்பிலும் தையலிலும் ஓட்டுங்கள். இல்லாவிட்டால் மெல்லிய பிரஷ் போதும். தூசியோடு ஈரம் சேர்ந்தால் சேறாகித் தேய்க்கும்.

3. தோலுக்கென்று விற்கும் கிளீனரைத் துணியில் விட்டுக்கொள்ளுங்கள். சீட்டில் நேராக ஊற்ற வேண்டாம். அது கிடைக்காதபோது நம் கடையில் இருப்பதில் ஒன்று கைகொடுக்கும்: குழந்தைகளுக்கான மிருதுவான ஷாம்பு. ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் நான்கைந்து சொட்டு போதும். எதுவானாலும் மறைவான இடத்தில் பூசிப் பார்த்துவிட்டுத்தான் மற்ற இடத்துக்குப் போக வேண்டும்.

4. துணியை நன்றாகப் பிழிந்து, லேசாக வட்டமாகத் துடையுங்கள். துணி அழுக்கானதும் மடிப்பை மாற்றுங்கள். காற்று வரும்படி சிறு துளைகள் போட்ட சீட்டானால் ஈரம் இன்னும் குறைவாக இருக்கட்டும். துளை வழியே இறங்கிய தண்ணீர் உள்ளே பஞ்சில் தங்கிவிடும்.

5. வெறும் ஈரத்துணியால் மறுபடி துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். போர் தண்ணீர் வேண்டாம். அதன் உப்பு காய்ந்ததும் வெள்ளைத் திட்டாக நிற்கும்.

6. கதவுகளைத் திறந்துவைத்துக் காற்றில் உலரவிடுங்கள். ஹேர் டிரையர், வெயில் இரண்டும் கூடாது.

வாரம் ஒருமுறை உலர்ந்த துணியால் தூசி தட்டி, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை இப்படித் துடைத்தால் போதும். புது ஜீன்ஸ், சாயம் போகும் கைலி இவற்றிலிருந்து சீட்டில் ஒட்டும் நீலத்தையும் அன்றே துடைத்தால் போய்விடும். நாள் கடந்தால் பூச்சோடு ஒன்றிவிடும்.

கண்டிஷனர் எப்போது?

சுத்தம் செய்த பிறகுதான் கண்டிஷனர் போட வேண்டும். அழுக்கின் மேல் போட்டால் அழுக்கைப் பூட்டி வைத்தது போலாகும். பூச்சு உள்ள தோலில் கண்டிஷனர் ஆழமாக இறங்குவதில்லை. மேற்பரப்பு வறண்டு போகாமலும், உராய்வு குறையும்படியும் அது காக்கிறது. ஆகவே நிறையப் பூசினால் நிறையப் பலன் என்பது கிடையாது. ஐந்து ரூபாய் நாணய அளவு துணியில் எடுத்து ஒரு சீட்டின் பாதிக்குத் தடவலாம். கால் மணி நேரம் கழித்து, மிச்சத்தைச் சுத்தமான துணியால் துடைத்துவிட வேண்டும். வருடத்துக்கு மூன்று நான்கு முறை போதும். வெடித்துவிட்ட தோலைக் கண்டிஷனர் ஒட்டவைக்காது. அப்படிச் சொல்லி விற்றால் நம்பாதீர்கள்.

மற்ற இடங்கள்

பளபளப்பு ஏற்றும் சிலிக்கோன் பாலிஷை ஸ்டியரிங்கிலும் பெடலிலும் போடவே கூடாது. கை வழுக்கினால் உயிருக்கு ஆபத்து. டேஷ்போர்டிலும் அதிகப் பளபளப்பு, கண்ணாடியில் எதிரொளித்துக் கண்ணைக் கூசும். மேல்கூரைத் துணி பசையால் ஒட்டியது, நனைத்தால் தொங்கிவிடும். சீட் பெல்ட்டுக்கு மிருதுவான சோப்புத் தண்ணீர் தவிர வேறெதுவும் வேண்டாம். அழுக்காகாமல் இருக்க உறை மாட்டுகிறவர்கள், சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் என்று எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால், சாதாரண உறை அது விரியும் வழியை அடைத்துவிடும்.

மழைக்காலத்தில் வெள்ளையாகப் பூஞ்சை பிடித்தால், வண்டிக்கு வெளியே விழும்படி உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி, பிறகு மேலே சொன்னபடி துடைத்து உலர்த்துங்கள். மிதியடி விரிப்புக்கு அடியில் ஈரம் இருந்தால் பூஞ்சை திரும்பத் திரும்ப வரும்.

நம்மவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை

ஆத்திர அவசரத்துக்குக் காரிலேயே சரக்கு ஏற்றும் பழக்கம் நமக்கு உண்டு. சாக்கின் சொரசொரப்பு தோலைக் கீறும். உப்பு மூட்டை ஈரத்தை இழுத்துத் தோலையும் கெடுக்கும், தரைத் தகட்டையும் துரு ஏற்றும். எண்ணெய் டின் கசிந்தால் வாடை போகாது. சிந்திய அரிசியும் பருப்பும் எலியை வரவழைக்கும். எலி வந்தால் சீட்டோடு நிற்காது, ஒயரையும் கடிக்கும். ஏற்றுவதானால் கெட்டித் தார்ப்பாய் விரித்துப் பின் டிக்கியில் மட்டும் ஏற்றுங்கள்.

பழைய வண்டி வாங்கும்போது, பளபளவென்று பிசுபிசுப்பாக இருக்கும் சீட்டைப் பார்த்து மயங்க வேண்டாம். ஈரத்துணியால் துடைத்துவிட்டு, டிரைவர் சீட்டின் விளிம்பைப் பாருங்கள். வெடிப்பு அங்கேதான் தெரியும். மாற்றித் தைக்கும் செலவைக் கணக்கிட்டு விலை பேசலாம்.

இனி ஒரு வாடிக்கையாளர் சீட்டுக்கு எண்ணெய் கேட்டால், "இது சமையலுக்கு, சீட்டுக்கு வேண்டாம், தூசி தட்டி ஈரத்துணியால் துடையுங்கள்" என்று சொல்லிவிடுங்கள். கிராக்கி இருக்கும் பகுதியில் நல்ல லெதர் கிளீனர் நாலு பாட்டில் வாங்கி வைப்பதும் நல்லதே. ஒரு பாட்டில் எண்ணெய் அன்று விற்காமல் போகலாம். ஆனால் எதற்கு எது ஆகும் என்று ஒளிக்காமல் சொல்லும் கடைக்கு அந்த வாடிக்கையாளர் மாதச் சாமானுக்கும் வருவார்.