தண்ணி எந்தப் பக்கம் ஓடுது?

திருவொற்றியூர்க் கடலோரத்தில் காலை வைத்தால் மணலைவிடக் கருங்கல்லே அதிகம் தட்டுப்படும். காசிமேட்டுக்கு வடக்கே எண்ணூர் நோக்கிப் போகும் கடற்கரைச் சாலை நெடுகிலும் கல் கொட்டியிருக்கிறார்கள். நடுநடுவே கடலுக்குள் நீளும் தூண்டில் வளைவுகள். இதற்கு நேர்மாறாகத் தெற்கே மெரினாவில் நடந்து அலையைத் தொடுவதற்குள் கால் வலித்துவிடும். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். ஆண்டின் பெரும்பகுதி அலைகள் கரையைச் சாய்வாக மோதி மணலை வடக்கே நகர்த்துகின்றன. சென்னைத் துறைமுகத்துக்கு 1875இல் அடிக்கல் நாட்டி, கடலுக்குள் சுவர் எழுப்பியதும் மணலின் பயணம் தடைபட்டது. தெற்கே மணல் குவிந்தது, வடக்கே கரை கரைந்தது. அந்த மணலை நகர்த்தும் அதே கடல்தான், குளத்தில் பழகிவிட்டு முதல்முறையாக இறங்குகிற நீச்சல்காரரையும் நகர்த்தப்போகிறது.

நீச்சல் குளம் எவ்வளவு உதவி செய்கிறது என்பது அதை விட்டு வெளியே வந்தால்தான் புரியும். வேளச்சேரியில் 1995 தெற்காசிய விளையாட்டுப் போட்டிகளுக்காகக் கட்டிய குளத்தை எடுத்துக்கொள்வோம். 50 மீட்டர் நீளம், அடியில் ஒவ்வொரு லேனுக்கும் ஒரு கறுப்புக் கோடு. பக்கத்து லேன்காரர் கிளப்பும் அலையை நடுவில் கட்டிய கயிற்றின் மிதவைகள் உடைத்துவிடும். 50 மீட்டருக்கு ஒருமுறை சுவர். அதை உதைத்துப் பாய்ந்தால் கொஞ்ச தூரம் கைவீச்சே இல்லாமல் கிடைக்கிறது, மூச்சும் தசையும் நொடிக்கணக்கில் இளைப்பாறுகின்றன. 10 கிலோமீட்டரை இந்தக் குளத்தில் நீந்தினால் 199 முறை திரும்ப வேண்டும், அதாவது 199 உதை. கடலில் ஒன்றுகூடக் கிடையாது. குளத்தில் 'டர்ன்' நன்றாக அடித்துப் பதக்கம் வாங்கியவர்கள் கடலில் பின்தங்குவதும், குளத்தில் நான்காவது ஐந்தாவது வந்துகொண்டிருந்தவர்கள் கடலில் முந்துவதும் இதனால்தான்.

உப்பு நீர் கொஞ்சம் ஈடு செய்கிறது. கடல்நீர் நன்னீரைவிடச் சுமார் இரண்டரை சதவீதம் அடர்த்தி கூடியது, உடல் சற்று மேலே மிதக்கும். இடுப்பும் காலும் தாழ்ந்துபோகிறவர்களுக்கு இது நல்ல சலுகை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஆற்றுநீர் கலந்து நம் கரையோர உப்பு குறைந்துவிடும், அப்போது சலுகையும் குறையும்.

இனி நீரோட்டக் கணக்கு. மணிக்கு 3 கிலோமீட்டர் நீந்தக்கூடிய ஒருவரை வடக்கு நோக்கி ஓடும் 1 கிலோமீட்டர் வேக நீரோட்டத்தில் இறக்கிவிடுவோம். வடக்கே 3 கிலோமீட்டர் போக 45 நிமிடம். அதே தூரம் திரும்பி வர ஒன்றரை மணி நேரம். அசையாத நீரில் 2 மணி நேரத்தில் முடிந்திருக்க வேண்டியது, இங்கே 2 மணி 15 நிமிடம் ஆகிறது. போகும்போது மிச்சம் பிடித்ததை வரும்போது வட்டியோடு கட்டியாக வேண்டும். ஆகவே முதல் பாதியில் 'இன்று நல்ல வேகம்' என்று மகிழ்ந்து உடம்பைச் செலவழித்தவர் இரண்டாம் பாதியில் தத்தளிப்பார்.

குறுக்கே போவது இன்னும் வேடிக்கை. கரையிலிருந்து கிழக்கே 1 கிலோமீட்டரில் மிதவை. அதன் திசையில் நேராக 20 நிமிடம் நீந்தினால், அதற்குள் ஓட்டம் உங்களை 300 மீட்டருக்கு மேல் வடக்கே தள்ளியிருக்கும். மிதவையையே பார்த்துப் பார்த்துத் திருத்திக்கொண்டு போனால் பாதை வில்லாக வளையும், தூரம் கூடும். கிளம்பும்போதே ஏறக்குறைய 20 டிகிரி தெற்கே சாய்த்து முகம் வைத்தால் கிட்டத்தட்ட நேர்கோட்டில் மிதவையை அடையலாம். மிதவையை விட்டு வேறு பக்கம் பார்த்து நீந்தச் சொன்னால் குளத்துப் பிள்ளைகளுக்கு மனசே ஒப்பாது.

இந்தக் கணக்கைத் தாள் இல்லாமல் போடுகிறவர்கள் காசிமேட்டிலும் திருவொற்றியூர்க் குப்பத்திலும் எண்ணூர்த் தாழங்குப்பத்திலும் இருக்கிறார்கள். சென்னை மீனவர்கள் தெற்கிலிருந்து வடக்கே ஓடுவதைத் தெண்டி என்றும், வடக்கிலிருந்து தெற்கே ஓடுவதை வன்னி என்றும் பிரித்துச் சொல்வார்கள். கடலியல் நூல்கள் சொல்வதும் இதையே: பிப்ரவரி தொடங்கிக் கோடை வரை இந்தியக் கிழக்குக் கரை ஓட்டம் வடக்கு நோக்கி, அக்டோபருக்குப் பின் தெற்கு நோக்கி. நூல் தரும் தகவல் மாதக் கணக்கு. இன்று காலை ஐந்து மணிக்கு எது, எவ்வளவு 'கெட்டியாக' ஓடுகிறது என்பதை வலையை இறக்கியவரிடம்தான் கேட்க வேண்டும். "தண்ணி எந்தப் பக்கம் ஓடுதுண்ணா?" என்று படகுக்காரரிடம் கேட்காமல் கடலில் இறங்குகிறவருக்கு எந்தப் பயிற்சியாளரும் உதவ முடியாது என்பேன்.

பாரிஸில் 2024இல் ஒலிம்பிக் 10 கிலோமீட்டர் பந்தயத்தை சேன் நதியில் நடத்தினார்கள். எதிர்நீச்சல் வந்தபோதெல்லாம் உலகின் தலைசிறந்த வீரர்கள் நடு ஆற்றை விட்டுவிட்டுக் கரைச் சுவரை உரசுவதுபோல நீந்தினார்கள். ஓரத்தில் ஓட்டம் மந்தம். ஆற்றில் படகு வலிக்கிற எவருக்கும் தெரிந்த வித்தைதான். ஆனால் திருவொற்றியூரில் இதைச் செய்துவிடாதீர்கள். இங்கே கல்லில் மோதிய அலை திரும்பி வந்து அடுத்த அலையோடு முட்டி, நீர் எல்லாத் திசையிலும் எம்பும். தூண்டில் வளைவுகளை ஒட்டிக் கடலுக்குள் இழுக்கும் ஓட்டமும் உருவாகும். ஏறி வரக் கரை தேடினால் பாசி பிடித்த பாறைதான் இருக்கும்.

கறுப்புக் கோடு இல்லாத இடத்தில் திசையைக் கண்தான் பிடிக்க வேண்டும். சில கைவீச்சுக்கு ஒருமுறை கண் மட்டும் நீருக்கு மேலே வருமளவு தலையைத் தூக்கி, முதலைபோலப் பார்த்துவிட்டு உடனே பக்கவாட்டில் மூச்சு வாங்க வேண்டும். முழுத் தலையையும் தூக்கினால் இடுப்பு தாழ்ந்து வேகம் போய்விடும். அலை மேலே தூக்கும் நொடியில் பார்த்தால்தான் எதுவும் தெரியும், பள்ளத்தில் இருக்கும்போது பார்த்தால் தண்ணீர்ச் சுவர்தான். மிதவை சிறியது, அதனால் அதன் பின்னால் கரையில் உயரமான ஒன்றைக் குறித்துக்கொள்வார்கள். ஆலயக் கோபுரமோ அனல்மின் நிலையப் புகைபோக்கியோ போதும். மீனவர்கள் கரை அடையாளம் வைத்து இடம் பிடிப்பது போலவேதான். மூச்சையும் இருபக்கமும் வாங்கப் பழக வேண்டும். நம் கரையில் காலையில் வடக்கு நோக்கி நீந்தினால் வலப்புறம் வெயிலும் அலையும். இடப்பக்க மூச்சு தெரியாதவர் ஒவ்வொரு முறையும் உப்புநீரைக் குடிப்பார்.

பந்தயம் என்றால் இன்னொன்றும் உண்டு: கூட்டம். லேன் கிடையாது. தொடக்கத்திலும் மிதவைத் திருப்பத்திலும் முழங்கை முகத்தில் படும், காலைப் பிடித்து இழுப்பவரும் உண்டு. கால்பந்துபோல நடுவர் மஞ்சள் அட்டை, சிவப்பு அட்டை வைத்திருப்பது சும்மா இல்லை. ஆனால் அந்தக் கூட்டமே லாபமும் தரும். முன்னால் போகிறவரின் பாதத்தை ஒட்டி நீந்தினால் நீரின் எதிர்ப்பு ஐந்தில் ஒரு பங்கு வரை குறையக்கூடும். எனவே பெரிய பந்தயங்களில் ஒன்றரை மணி நேரம் வரை யாரும் அவசரப்படுவதில்லை, ஒருவர் பின் ஒருவராகப் போய்க் கடைசியில் பாய்கிறார்கள். பெய்ஜிங்கில் 2008இல் 10 கிலோமீட்டர் பந்தயம் முதன்முதலாக ஒலிம்பிக்கில் நடந்தபோது, இரத்தப் புற்றுநோயிலிருந்து மீண்ட நெதர்லாந்து வீரர் மார்டன் வான் டெர் வெய்டன் அப்படிக் காத்திருந்துதான் தங்கம் வென்றார். நேரம் 1 மணி 51 நிமிடம். திறந்த நீர்ப் பந்தயத்துக்கு உலக சாதனை நேரம் என்று ஒன்றே கிடையாது. நீரும் நாளும் மாறும்போது நேரத்தை எதனோடு ஒப்பிடுவது?

நம் பாக் நீரிணையே இதற்குச் சாட்சி. 1954இல் வல்வெட்டித்துறையிலிருந்து கோடியக்கரைக்கு நீந்தி அதை முதலில் கடந்தவர் தொண்டைமானாற்று நவரத்தினசாமி, சுமார் 27 மணி நேரம். மிஹிர் சென் 1966இல் 25 மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டார். வல்வெட்டித்துறை ஆனந்தன் 1971இல் போய்த் திரும்பியே வந்துவிட்டார், 51 மணி நேரத்தில். அவர் 1984இல் ஆங்கிலக் கால்வாய் முயற்சியில் உயிரிழந்தார். சென்னைச் சிறுவன் குற்றாலீசுவரன் 1994இல் 12 வயதில் 16 மணி நேரத்தில் கடந்தார், அதே ஆண்டில் மொத்தம் ஆறு நீரிணைகளைக் கடந்து மிஹிர் சென்னின் ஐந்தைத் தாண்டினார், 1996ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருதும் பெற்றார். இவர்களுடைய மணிக்கணக்கை வரிசைப்படுத்தி 'யார் வேகம்' என்று கேட்பது அர்த்தமற்றது. இறங்கிய கரையும் அன்றைய ஓட்டமும் ஆளுக்கு ஆள் வேறு.

ஆங்கிலக் கால்வாயில் குளிர் எமன், நமக்கு வெப்பம். அதிகம் பேசப்படாத ஆபத்து இது. நீருக்குள் வியர்வை ஆவியாகாது. நீர் சூடாக இருந்தால் உடம்பின் வெப்பம் வெளியேற வழியில்லை. 2010 அக்டோபரில் ஐக்கிய அரபு அமீரகத்தின் ஃபுஜைராவில் அமெரிக்க வீரர் ஃபிரான் கிரிப்பன் வெதுவெதுப்பான நீரில் 10 கிலோமீட்டர் பந்தயத்தின்போதே இறந்தார். அதன்பின் நீரின் வெப்பம் 31 டிகிரியைத் தாண்டினால் பந்தயம் கூடாது என்று விதி வந்தது. குளப் பந்தயத்துக்கு அனுமதி 25 முதல் 28 வரை. சென்னைக் கடல் கோடையில் 30ஐத் தொடும். ஆகவே மே மாத 'சம்மர் கேம்ப்' முடிந்த கையோடு பிள்ளைகளைக் கடலில் நீண்ட தூரம் விடுவது நல்லதல்ல. உப்பு தேய்த்துப் புண்ணாகும் கழுத்துக்கும் அக்குளுக்கும் வாசலின் தடவலாம், சொறி (ஜெல்லிமீன்) கொட்டினால் கடல்நீரால் கழுவலாம். வெப்பத்துக்கு மருந்து நிழலும் குடிநீரும் நேரத்தோடு கரையேறுவதும்தான்.

சரி, வடசென்னையில் ஒரு பந்தயம் நடத்த முடியுமா? கடலில் தேர்ந்த ஆட்கள் இருக்கிறார்கள், துணைக்கு வரப் படகுகள் இருக்கின்றன, பார்க்க ஊரே திரளும். தண்ணீர்தான் இல்லை. கடலில் குளிக்கவும் நீர் விளையாட்டுக்கும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வைத்திருக்கும் எஸ்.டபிள்யூ-2 தரத்தின்படி 100 மில்லி லிட்டர் நீரில் மலக் கோலிஃபார்ம் 100க்கு மேல் இருக்கக் கூடாது. சாக்கடையும் ஆலைக் கழிவும் சேரும் முகத்துவாரங்களை ஒட்டி அந்த எண்ணை எதிர்பார்க்க முடியாது. 2017 ஜனவரியில் எண்ணூருக்கு அப்பால் இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் இறங்கி எண்ணூர்க் கழிமுகத்தை மூடியது. 2025இல் சிங்கப்பூரில் உலகப் போட்டிகளின்போதே கிருமி அளவு கூடியதால் 10 கிலோமீட்டர் பந்தயத்தைத் தள்ளிவைத்தார்கள். பந்தயத்தைத் தள்ளிவைக்கலாம், காசிமேட்டுக்காரர் தொழிலைத் தள்ளிவைக்க முடியாது என்பது வேறு விஷயம்.

இப்போதைக்கு ராயபுரத்துப் பிள்ளை ஒருவர் கடல் பந்தயத்துக்குத் தயாராக வேண்டுமென்றால் பாதி வேலையைக் குளத்திலேயே முடிக்கலாம். பயிற்சியாளரிடம் கேட்டு ஒரு நாள் லேன் கயிறுகளை அவிழ்க்கச் சொல்லுங்கள். ஒரே லேனில் மூன்று பேர் தோளோடு தோள் உரச நீந்துங்கள். கண்ணை மூடிக்கொண்டு பத்துக் கைவீச்சு போய்ப் பாருங்கள், எந்தப் பக்கம் சாய்கிறீர்கள் என்று தெரியும், அது பெரும்பாலும் ஒரே பக்கமாகத்தான் இருக்கும். சுவரைத் தொடாமல் சற்று முன்பே திரும்பி, உதையில்லாமல் கிளம்பிப் பழகுங்கள். மீதிப் பாதிக்கு நல்ல நீரும், கூடவே ஒரு படகும், அதில் கடல் தெரிந்த ஒருவரும் வேண்டும். மகாராஷ்டிரத்தின் மால்வணிலும் குஜராத்தின் போர்பந்தரிலும் கடல் நீச்சல் போட்டிகள் நடக்கின்றன. சில கிலோமீட்டர் பிரிவில் தொடங்குவது போதும்.