படர்தாமரை ஏன் போக மாட்டேங்குது?

மழை சீசன்ல ஏற்காடு பைக் ட்ரிப். நனைஞ்ச ஜீன்ஸோட 20 ஹேர்பின் வளைவு, ரூம்ல ரெண்டு நாள் காயாத டவல். ஒரு வாரத்துல தொடையிடுக்குல அரிப்பு. பழியை எல்லாரும் சேர்வராயன் மலைப் பனி மேல போட்டுடுவோம். ஈரம் பூஞ்சைக்குக் கதவைத் திறந்து விடும், உண்மைதான். ஆனா வந்த பூஞ்சை மாசக்கணக்கா தங்குறதுக்குப் பெரும்பாலும் வேற காரணம் இருக்கு.

இந்தப் பூஞ்சைக்குச் சாப்பாடு கெரட்டின், அதாவது தோலோட மேல இருக்கிற செத்த அடுக்கு. அங்க ரத்த ஓட்டம் கிடையாது. அதனால கீழே இருக்கிற உயிருள்ள தோல் செல்கள்தான் பூஞ்சையை அடையாளம் கண்டு அலாரம் அடிக்கணும். உடனே டி செல்கள் வந்து இன்டர்லூக்கின்-17 மாதிரி சிக்னல்களை அனுப்பும். நியூட்ரோபில்கள் கூடும். தோலும் வேகமா உதிர்ந்து பூஞ்சையை வெளியே தள்ளும். நாம பாக்குற சிவப்பும் அரிப்பும் இந்தச் சண்டைதான். நடுவுல ஜெயிச்சாச்சு, ஓரத்துல இன்னும் சண்டை நடக்குது. அதனாலதான் அது வட்டமா தெரியுது.

சில பூஞ்சைகள் கில்லாடி. ட்ரைக்கோஃபைட்டான் ரூப்ரம் தன் செல்சுவர்ல இருக்கிற மன்னான் என்ற சர்க்கரைப் பொருளால டி செல்களையே மந்தமாக்கும். நாள்பட்ட நோயாளிகள் பலருக்கு ரத்தத்துல ஆன்டிபாடி நிறைய இருக்கும், ஆனா டி செல் வேலை குறைவா இருக்கும். இங்க ஆன்டிபாடியால பெரிய பிரயோஜனம் இல்ல.

இப்ப நாம செய்றதைப் பாருங்க. மெடிக்கல்ல 'அரிப்புக்கு ஒண்ணு குடுங்கண்ணா'ன்னு கேட்டு வாங்குற பல கலவை க்ரீம்ல குளோபெட்டசால் மாதிரி வீரியமான ஸ்டீராய்டு இருக்கும். அது அலாரத்தை ஆஃப் பண்ணிடும். ரெண்டே நாள்ல அரிப்பு போயிடும், பூஞ்சை போகாது. காவல் இல்லாத நடுப்பகுதிக்கே திரும்பி வந்து, வட்டத்துக்குள்ள வட்டமா படரும். 2018ல மத்திய அரசு பல ஸ்டீராய்டு க்ரீம்களை டாக்டர் சீட்டு இல்லாம விக்கக்கூடாதுன்னு சொல்லியும் விற்பனை நிக்கல.

இதுக்கு நடுவுல பூஞ்சையும் மாறிடுச்சு. வழக்கமான மருந்தான டெர்பினாஃபினுக்கு அடங்காத ஒரு வகைக்கு 2020ல ஜப்பான் ஆய்வாளர்கள் வெச்ச பேர் ட்ரைக்கோஃபைட்டான் இன்டோடினே. பேர்லயே இந்தியா இருக்கு!

அதனால ட்யூப் வாங்கினா பின்பக்கம் படிங்க. '-சால்', '-சோன்'னு முடியுற பேர் இருந்தா ஸ்டீராய்டான்னு கேளுங்க. சேலம் அரசு மருத்துவமனையில தோல் பிரிவு இருக்கு, வெட்கப்படாம போங்க. அரிப்பு நின்னதும் மருந்தை நிறுத்தாதீங்க. டாக்டர் சொன்ன நாள் வரைக்கும் போடுங்க. டவலை யாருக்கும் கடன் குடுக்காதீங்க, ரூம்மேட்டா இருந்தாலும் சரி.