வெற்றிலை மெல்லாதீங்க பெரியவரே!

என் நண்பன் ஒருவன் கம்ப்யூட்டர் கம்பெனியில் உத்தியோகம் பார்க்கிறான். ஒரு மாதமாகத் தூக்கம் வரவில்லை என்று புலம்பிக்கொண்டிருந்தவன், ஒருநாள் நெற்றியில் கறுப்பாக ஒரு பட்டையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றான்.

"இ.இ.ஜி. ஹெட்பேண்ட்டா! மூளையில ஓடுற அலையை வீட்டிலேயே பார்க்கலாம்!"

செல்போனை நீட்டினான். கோடுகள் தீபாவளி சரவெடி மாதிரி துள்ளிக்கொண்டிருந்தன.

"உன் மூளையில இவ்வளவு விஷயம் இருக்க சான்ஸே இல்லையே..." என்றேன்.

நான் சொன்னது நிஜம்தான். மூளையின் மின்சாரம் தலைத்தோலுக்கு வந்து சேரும்போது சில பத்து மைக்ரோவோல்ட்தான் மிஞ்சும். ஒரு வோல்ட்டைப் பத்து லட்சம் கூறு போட்டால், அதில் ஒரு கூறுதான் மைக்ரோவோல்ட். நம் வீட்டுச் சுவரிலோ 230 வோல்ட், விநாடிக்கு 50 தடவை துடித்துக்கொண்டிருக்கிறது. டியூப்லைட், இன்வெர்ட்டர், லேப்டாப் சார்ஜர் எல்லாம் அந்தத் துடிப்பைப் பட்டைக்குள் அனுப்புகின்றன. நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் நின்று ரகசியம் கேட்கிற கதை. பி.காம். படித்த எனக்கே புரிந்துவிட்டது.

"கரண்ட் கம்பியே இல்லாத இடத்துக்குப் போயிடுவோம்" என்றான். அடுத்த ஞாயிறு, பைக்கில் பொன்னேரி வழியாகப் பழவேற்காடு. சில்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. 1613-ல் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டிய ஊர். நாங்கள் தேடிப் போனதோ கோட்டையை அல்ல, சத்தமில்லாத மின்சாரத்தை!

குப்பத்தில் ஒரு பெரியவர் படகு தந்தார். ஏரி நடுவே போனதும் அந்த 50 துடிப்பு காணாமல் போனது. ஆனால் படகு ஆட, பட்டை ஆட, கோடும் சேர்ந்து ஆடியது! தோலில் பட்டை லேசாக நகர்ந்தாலே போச்சு.

கடைசியில் ஒரு மணல் திட்டில் இறங்கினோம். நண்பன் முகம் கழுவி, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தான். வியர்வையையும்தான், அது வடிந்தால் கோடு மெதுவாக ஏறி இறங்கும். முடியை ஒதுக்கி, மின்முனைகளை லேசாக ஈரமாக்கி, இரண்டு நிமிஷம் அசையாமல் உட்கார்ந்தான். கண் சிமிட்டினால் மட்டும் ஒரு குதி. காரணம், கண் ஒரு குட்டி பேட்டரி: முன்பக்கம் பாசிட்டிவ், பின்பக்கம் நெகட்டிவ்.

"இப்ப கண்ணை மூடு" என்றேன். காதுக்குப் பின்னாலிருந்து வரும் கோட்டில் ஒழுங்காக அலை எழும்பியது. கண்ணைத் திறந்தான், அடங்கியது.

இதுதான் ஆல்பா அலை. விநாடிக்கு 8 முதல் 13 தடவை. 1924-ல் முதன்முதலாக மனித மூளையின் அலைகளைப் பதிவு செய்த ஜெர்மன் டாக்டர் ஹான்ஸ் பெர்கர் கண்ட அதே அலை. கண்ணை மூடினால் ஏறி, திறந்தால் இறங்கினால், பட்டை மூளையைத்தான் கேட்கிறது என்று அர்த்தம். செல்போன் போடும் மார்க்கைவிட இந்தப் பரீட்சை நம்பகமானது.

"எனக்கும் கட்டு, பார்க்கலாம்" என்றார் பெரியவர். கட்டினோம். கோடு கரகாட்டம் ஆடியது!

"வெற்றிலை மெல்லாதீங்க பெரியவரே!"

தாடைத் தசையின் மின்சாரம் மூளையின் மின்சாரத்தை விழுங்கிவிடும். துப்பிவிட்டு வந்தார். கோடு சுத்தம். ஆனால் கண்ணை மூடியும் ஆல்பா எழும்பவே இல்லை!

"பட்டை அவுட்டா, இல்ல பெரியவருக்கு ஏதாவதா?" என்று நண்பன் என் காதைக் கடித்தான்.

இரண்டும் இல்லை. சேப்பியன் லேப்ஸ் என்ற ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கிய தாரா தியாகராஜனின் குழு, இதேபோல் தலையில் மாட்டும் 14 முனைக் கருவியைத் தமிழ்நாட்டின் கிராமங்களுக்கே எடுத்துப் போனது. குக்கிராமம் முதல் நகரம் வரை 48 ஊர்கள், 402 பேர். 2017-ல் முடிவை வெளியிட்டார்கள். வருமானமும் நவீன வசதிகளும் குறைந்த ஊர்களில் ஆல்பா அலை பலவீனமாக இருந்தது. சிலரிடம் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. அது வியாதி அல்ல. வாழ்க்கை வேறு, அலை வேறு. ஆபீஸ்காரன் மூளையை அளவுகோலாக வைத்துப் படகுக்காரரை அளந்தால் தப்பு நம்முடையது.

பெரியவர் பட்டையைக் கழற்றி, கையிலேயே வைத்திருந்தார். பிறகு தயங்கிக் கேட்டார்.

"தம்பி, என் பேரனுக்கு ரெண்டு வாட்டி வலிப்பு வந்துச்சு. ஒரு தபா படவுலயே. பதினாலு வயசு. இத்த அவன் தலையில கட்டினா இன்னான்னு தெரியுமா?"

எங்கள் சிரிப்பு அடங்கிவிட்டது.

"தெரியாதுங்க ஐயா" என்றேன். ஆஸ்பத்திரியில் எடுக்கும் இ.இ.ஜி.யில் தலை முழுக்க சுமார் 20 மின்முனைகள். படித்துச் சொல்ல டாக்டர் இருக்கிறார். அதிலேயேகூட வலிப்புக்காரர்களுக்கு நார்மல் என்று வருவதுண்டு. நாலு முனைப் பட்டையில் சுத்தமாகக் கோடு வந்தது என்பதற்காக 'பையனுக்கு ஒன்றுமில்லை' என்று விட்டுவிட்டால், அந்தச் சுத்தமே ஆபத்து. ஒழுங்காக மருந்து எடுத்தால் வலிப்பு வந்தவர்களில் 70 சதவிகிதம் பேர் வரை அது இல்லாமல் வாழலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். டாக்டர் சரி என்று சொல்லும்வரை பையன் தண்ணீரில் இறங்கவும் கூடாது, படகேறவும் கூடாது. வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள்.

"கையில சாவி குடுப்போமே?"

"சாவி வீட்டைத் திறக்கத்தாங்க ஐயா."

"நாளைக்கே பொன்னேரி பெரியாஸ்பத்திரிக்கு இட்டுனு போறேன்" என்றார்.

திரும்பும்போது காற்று இதமாக அடித்தது. துடுப்பு போட்டபடியே பெரியவர் பின்னால் கை காட்டினார்.

"இவருக்கா தம்பி தூக்கமே வரலைன்னீங்க?"

பட்டை பைக்குள் கிடந்தது. நண்பன் வலைக் குவியலில் தலை சாய்த்து, குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்!