கல்லறையில் ஒரு குடும்பக் கதை

தாத்தா பெயரைக் கேட்டால் டக்கென்று சொல்லிவிடுவோம். தாத்தாவுக்குத் தாத்தா பெயர்? பாதிப் பேர் முழிப்போம்! தர்ப்பணம் கொடுக்கிற வீட்டில் மூன்று தலைமுறைப் பெயராவது வாயில் இருக்கும். புதைக்கிற வழக்கம் உள்ள குடும்பமென்றால் கல்லறைக் கல்தான் முதல் சாட்சி. ஆனால் அந்த ஒரு சாட்சியை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதிவிடக் கூடாது.

சென்னையில், பிற்பாடு சட்டக் கல்லூரி வந்த இடத்தில், 17-ஆம் நூற்றாண்டில் ஊசி போல உயரமாக எழுப்பிய ஒரு கல்லறையை எடுத்துக்கொள்வோம். அதில் இருவர் அடக்கம்: 1680-ல் இறந்த ஜோசப் ஹின்மர்ஸ், 1688-ல் இறந்த டேவிட் யேல் என்ற சிறுவன். பெயரைப் பார்த்தால் சொந்தம் மாதிரியே தெரியலையே? முடிச்சை அவிழ்ப்பது கோட்டைக்குள் இருக்கும் செயிண்ட் மேரி ஆலயத்தின் திருமணப் பதிவேடு. ஹின்மர்ஸின் மனைவி காதரின், கணவர் இறந்த அதே 1680-ல் எலிஹு யேலை மறுமணம் செய்துகொண்டார். (அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் இவர் பெயரில்தான்.) அவர்கள் பிள்ளைதான் டேவிட். தாயின் முதல் கணவர் பக்கத்தில் இரண்டாம் கணவரின் மகன்! கல் பெயரைத் தந்தது, உறவைத் தந்தது ஏடு.

இன்னொரு சங்கதி. அந்தப் பகுதி அப்போது ஆங்கிலேயரின் இடுகாடு. 1758-59-ல் பிரெஞ்சுப் படை கோட்டையை முற்றுகையிட்டபோது அங்கிருந்த கல்லறைகள் எதிரிக்கு நல்ல மறைவிடமாகிவிட்டன. பிறகு அவற்றை இடித்து, எழுத்துள்ள கற்களை மேரி ஆலய முற்றத்தில் பதித்தார்கள். தப்பியவற்றில் ஒன்றுதான் யேல் சிறுவனின் கல்லறை. மற்றவர்களுக்கு உடல் ஓரிடம், கல் ஓரிடம்.

இப்படிப்பட்ட கல்லெழுத்துகளை ஜே.ஜே. காட்டன் தொகுத்து 1905-ல் அச்சிட்டார். அதில் பெரும்பாலும் ஐரோப்பியர்தான். நம்ம ஊர் இடுகாட்டை நாமதான் எழுதணும்.

சிவில் மாணவர்களுக்கு இது கைவந்த வேலை. டேப்பும் நோட்டும் போதும். வரிசைக்கு எண் கொடுத்து பிளான் போடுங்கள். பக்கத்துக் கல்லையும் விடாதீர்கள். சொந்தக்காரர்கள் அருகருகே இருப்பது சகஜம். எழுத்து மங்கியிருந்தால் காலை வெயில் சாய்வாக விழும்போது படியுங்கள். ஆசிட், கம்பி பிரஷ் வேண்டவே வேண்டாம், இருக்கிற எழுத்தும் போய்விடும். பிழையோடு இருந்தால் பிழையோடே நகல் எடுங்கள். தேதியும் தகப்பன் பெயரும் கிடைத்தால், கோவில் அடக்கப் பதிவேட்டிலோ ஜமாத்திலோ விசாரிக்கலாம்.

இடம் போதாமல் பழைய குழியிலேயே மறுபடி அடக்கம் செய்கிற ஊர்களும் உண்டு. அங்கே இன்றைக்கு இருக்கிற கல் அடுத்த வருஷம் இருக்குமா தெரியாது. செமஸ்டர் லீவில் முதலில் அங்கே போங்கள்.